முப்பத்தெட்டில் ஒன்பது: கிறிஸ்தவத் தொடக்கப்பள்ளி இனி எதற்கு?

கேள்வி, 11 ஜூன் 2024

எங்கள் ஊரில் மிஷன் காலத்துத் தொடக்கப்பள்ளி ஒன்று இருக்கிறது. அரசு உதவி பெறும் பள்ளி. நேற்றுப் பள்ளி திறந்த அன்று போய்ப் பார்த்தேன். மொத்தம் 38 பிள்ளைகள், அதில் கிறிஸ்தவப் பிள்ளைகள் 9 பேர். வசதியுள்ள சபையார் வேனில் ஏற்றி டவுனுக்கு அனுப்புகிறார்கள். பிறகு எதற்கு இது கிறிஸ்தவப் பள்ளி? பக்கத்து அரசுப் பள்ளியோடு சேர்த்துவிட்டு இடத்தைச் சபை வேறு காரியத்துக்கு வைத்துக்கொள்ளலாமே. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

11 ஜூன், இரவு

அதே மாதிரி ஒரு பள்ளியில் 31 வருடம் வேலை பார்த்தவள் நான். தூத்துக்குடி மாவட்டம், செம்மணல் மேடான தேரிக்காட்டு ஓரம். 1988இல் இடைநிலை ஆசிரியையாகச் சேர்ந்தேன். கடைசிப் பன்னிரண்டு வருடம் தலைமையாசிரியை. 2019இல் ஓய்வு. நான் ஒன்றாம் வகுப்பு படித்ததும் அங்கேதான், 1966இல்.

ஓய்வு பெற்ற வருடம் எங்கள் பள்ளியில் 46 பேர். சபைப் பிள்ளைகள் 13. ஆகவே உங்கள் கணக்கு எனக்குப் புதிதில்லை. உங்களுக்கு 9 என்ற எண் உறுத்துகிறது. எனக்கு 38 உறுத்துகிறது. நான் படித்தபோது ஒன்றாம் வகுப்பில் மட்டும் அவ்வளவு பேர் இருந்தோம்.

மூடுவது எளிது தம்பி. மூடின தொடக்கப்பள்ளியைத் திரும்பத் திறந்து நான் பார்த்ததில்லை. நாளை எழுதுகிறேன்.

12 ஜூன்

முதலில் சட்டம். அரசியலமைப்பின் 30(1) சிறுபான்மையினர் பள்ளி தொடங்கி நடத்த உரிமை தருகிறது. 29(2) அரசு உதவி வாங்கும் எந்தப் பள்ளியிலும் மதம், இனம், சாதி, மொழி காரணமாக யாருக்கும் இடம் மறுக்கக்கூடாது என்கிறது. ஆசிரியர் சம்பளம் அரசு தருகிறது. புத்தகம், சீருடை, சத்துணவு எல்லாம் அரசு. நிர்வாகம் சபையுடையது, பிள்ளைகள் ஊருடையவர்கள். ‘கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கான பள்ளி’ என்று ஒன்று அதில் எங்கேயும் கிடையாது.

சட்டம் வருவதற்கு முன்பும் அப்படித்தான். 1706 ஜூலை 9இல் சீகன்பால்கு, புளுட்சா என்ற இரண்டு மிஷனரிகள் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். அடுத்த வருடமே, 1707இல், பள்ளிக்கூடம் வைத்தாகிவிட்டது. பெண்பிள்ளைகளுக்கும் வைத்தார்கள். எங்கள் பக்கம் 1820இல் ரேனியஸ் என்ற மிஷனரி பாளையங்கோட்டைக்கு வந்த பிறகு ஊர் ஊராகப் பள்ளிகள் வந்தன. சபை உண்டாவதற்கு முன்பே பள்ளிக்கூடம் உண்டான ஊர்கள் உண்டு. ஓலைக்கூரை ஒன்றுதான்: வாரநாளில் பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை கோயில், அதாவது சர்ச். சபையைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியாரும் பாடம் சொல்லும் வாத்தியாரும் ஒரே ஆள். ஆராதனைக்கு வராத வீட்டுப் பிள்ளையும் அந்தக் கூரைக்குக் கீழேதான் ‘அ’ எழுதியது.

உங்கள் பள்ளிப் பதிவேட்டில் பழைய சேர்க்கைப் பக்கங்களை எச்.எம். அனுமதித்தால் புரட்டிப் பாருங்கள். அறுபது வருடத்துக்கு முன்னால் எந்தெந்தத் தெருப் பிள்ளைகள் வந்தார்கள் என்று தெரியும்.

14 ஜூன்

மணலில் எழுதினீர்களா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எழுதினோம். தேரி மணல் செக்கச்செவேலென்று இருக்கும். வாரத்துக்கு ஒருமுறை மூன்று, நான்காம் வகுப்புப் பையன்கள் பெட்டியில் அள்ளி வருவார்கள். வகுப்பு மூலையில் பரப்பி, விரலால் எழுத்தின் மேலேயே திரும்பத் திரும்பப் போகவேண்டும். பெரிய பிள்ளை ஒன்று பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்து ஓட்டும். வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த முறை என்று எங்கள் டீச்சர் சொல்வார்கள்.

19 ஜூன்

மேலே எழுதினதைத் திருத்துகிறேன். ஒரு நண்பர் தனியாக எழுதிச் சுட்டிக்காட்டினார், அவர் சொன்னதுதான் சரி. அது தலைகீழ்.

மணலில் எழுதுவது நம் திண்ணைப் பள்ளி வழக்கம். சீகன்பால்கு தமிழ் படித்ததே அப்படித்தான். ஒரு வாத்தியாரைப் பிள்ளைகளோடு தன் வீட்டுக்கே வரச்சொல்லி, அந்தப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மணலில் விரல் வைத்து எழுதியிருக்கிறார். இதைப் படித்துவிட்டு அன்றைக்கு முழுதும் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. 24 வயது ஆள், ஐந்து வயதுப் பிள்ளைகளோடு தரையில்.

அதன் பிறகு எண்பது வருடம் கழித்து ஆண்ட்ரூ பெல். 1789இல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண்பிள்ளைகள் அனாதை விடுதிக்குப் பொறுப்பாக வந்தவர், அவரும் குருவானவர்தான். ஒருநாள் நம் ஊர்த் திண்ணைப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். தன் விடுதியிலும் செய்யச் சொன்னார். அங்கே இருந்த ஆசிரியர்கள் மாட்டேன் என்றார்கள். அப்போது எட்டு வயதுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு, சின்ன வகுப்பை நீ பார் என்று விட்டார். நடந்துவிட்டது. அப்படியே பெரியவன் சின்னவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை வளர்த்து 1797இல் லண்டனில் அச்சிட்டார். இங்கிலாந்தில் அதற்கு ‘மெட்ராஸ் முறை’ என்றே பெயர். நம் திண்ணையில் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மூத்த மாணவன், சட்டாம்பிள்ளை என்று, ஏற்கெனவே ஒருவன் உண்டு.

எங்கள் டீச்சர் உயிரோடு இல்லை. இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

22 ஜூன்

கேள்வி கேட்ட தம்பி மறுபடி எழுதியிருக்கிறார்: “வரலாறு சரி அம்மா. இன்றைக்கு அந்தப் பள்ளி என்ன செய்கிறது? அரசுப் பள்ளி செய்யாத எதைச் செய்கிறது?” நல்ல கேள்வி. இரண்டு நாள் யோசித்தேன்.

அரசுப் பள்ளியைக் குறைத்துப் பேச மாட்டேன். என் தங்கை அரசுப் பள்ளியில்தான் வேலை பார்த்தாள். என்னைவிட நல்ல ஆசிரியை. ஆகவே ஒப்பிடாமல் எங்கள் பள்ளியில் நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

காலைக் கூட்டத்தை எல்லாப் பள்ளியிலும் ‘பிரேயர்’ என்றுதான் பிள்ளைகள் சொல்வார்கள். தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, குறள், இன்றைய செய்தி. செய்திக்குத் தினத்தந்தி. அதைத் தொடங்கிய சி. பா. ஆதித்தனார் காயாமொழிக்காரர், எங்கள் தேரிப் பக்கம்தான், அதனால் எங்கள் ஊரில் அந்தப் பேப்பருக்குத் தனிப் பாசம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை தலைப்பு வாசிக்கும்: டெல்லியில் மந்திரிசபைக் கூட்டம், தங்கம் விலை உயர்வு. மற்றப் பிள்ளைகள் காலால் மண்ணைக் கிளறிக்கொண்டு நிற்பார்கள்.

1996 வாக்கில் என்று நினைக்கிறேன், பேப்பர் வராத ஒருநாள், “சரி, நம்ம ஊர்ச் செய்தி யாருக்காவது தெரியுமா?” என்று கேட்டுவிட்டேன். கை தூக்கினார்கள் பாருங்கள்! ஒரு வீட்டு ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. ஒருவன் அண்ணனுக்கு மும்பையில் வேலை கிடைத்து ராத்திரி பஸ்ஸில் போய்விட்டான். கோயில் மணிக்கயிறு அறுந்துவிட்டது, மணியடிக்கிற கோயில்பிள்ளை சைக்கிளில் சாத்தான்குளம் போயிருக்கிறார். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் முன்னால் வந்து மார்பை நிமிர்த்தி, “இன்னைக்கு எனக்குப் பல் விழுந்துட்டு” என்றான். அன்றைய தலைப்புச் செய்தி அதுதான். ஐந்தாம் வகுப்பு உட்பட எல்லாரும் கை தட்டினோம்.

அன்றிலிருந்து தினமும் ஊர்ச் செய்தி. பிரேயர் முடிந்ததும் பிள்ளைகளில் ஒருவர் அதையே வாசற்பலகையில் சாக்பீஸால் எழுதவேண்டும். தண்ணீர் பிடிக்க வரும் பெண்கள் குடத்தோடு நின்று வாசித்துவிட்டுப் போவார்கள். வாசிக்கத் தெரியாத ஆச்சிமார் பிள்ளைகளை நிறுத்தி வாசிக்கச் சொல்வார்கள். பனைக்காலம் தொடங்கினால் பாதிப் பிள்ளைகள் பெற்றோரோடு விடிலிக்கு, பதனி காய்ச்சும் குடிசைக்கு, போய்விடுவார்கள். முன்பெல்லாம் வராத பிள்ளை வராத பிள்ளைதான், பதிவேட்டில் புள்ளி வைத்துவிட்டு விடுவோம். ஊர்ச் செய்தி வந்தபிறகு, “அவன் விடிலியில இருக்கான், பதனி காய்ச்சுற இடத்துல கால்ல சுட்டுட்டான்” என்று மறுநாளே தகவல் வந்துவிடும். நாங்கள் மருந்தோடு போய் நிற்போம்.

24 ஜூன்

நிறையப் பேர் பாராட்டி எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. நேற்று ராத்திரி இதை எழுதி அழித்து எழுதி அழித்து வைத்தேன்.

ஊர்ச் செய்தி நன்றாகப் போய்க்கொண்டிருந்த இரண்டாம் வருடம், நான்காம் வகுப்புப் பெண்பிள்ளை ஒருத்தி முன்னால் வந்தாள். கெட்டிக்காரி. கையைக் கட்டிக்கொண்டு, குரல் நடுங்காமல், “எங்கப்பா மூணு நாளா வீட்டுக்கு வரல. எங்கம்மை சாப்பிடாம அழுதுக்கிட்டே இருக்கா” என்றாள்.

பிள்ளைகள் யாரும் அசையவில்லை. நானும் அசையவில்லை, அதுதான் தப்பு. “சரிம்மா, உள்ளே போ” என்று சொல்லி அடுத்த செய்திக்குப் போய்விட்டேன். மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. சாயங்காலம் அந்தத் தாய் வாசலில் வந்து நின்றாள். சத்தம் போடவில்லை. “டீச்சர், எங்க வீட்டுக் கதையைப் பலகையில எழுதவா பள்ளிக்கொடத்துக்கு அனுப்புனேன்?” என்றாள். பலகையில் நாங்கள் எழுதவில்லை. அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒரு மாதம் நிறுத்திவிட்டேன். பிள்ளைகள் தினமும் கேட்டார்கள். பிறகு தொடங்கியபோது முறையை மாற்றினேன். பிரேயர் பெல்லுக்கு முன்னால் என்னிடம் வந்து சொல்லவேண்டும். நான் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வேன். யாரைப் பற்றிய செய்தியோ அவர் கேட்டால் சந்தோஷப்படுவார் என்றால் முன்பக்கம், அது வாசிக்க. மற்றதெல்லாம் நோட்டின் பின்பக்கம், அது என்னோடு.

பின்பக்கம்தான் சீக்கிரம் நிறைந்தது. செருப்பில்லாமல் வருகிறவன். ராத்திரி அரிசி இல்லாத வீடு. அக்காவைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஆச்சிக்குக் கண் தெரியவில்லை, தனியாக இருக்கிறாள். பிள்ளைகள் எந்தக் கூச்சமும் இல்லாமல் சொல்வார்கள். அந்தப் பின்பக்கத்தைப் பார்த்துத்தான் அடுத்து என்ன செய்வது என்று முடிவு செய்வோம். எங்கள் வட்டாரச் சபைகளின் குருவான சேகரகுருவிடம் பேச வேண்டியதைப் பேசுவோம், பெண்கள் ஐக்கியச் சங்கத்து அம்மாமார் பிடி அரிசி எடுத்து வைப்பார்கள், கிறிஸ்துமஸ் துணியை இரண்டு மாதம் முன்னாலேயே கொடுத்துவிடுவோம். எந்த வீடு என்று சங்கத்தாருக்குக்கூடச் சொல்ல மாட்டேன்.

தம்பி, நீங்கள் கேட்டதற்கு என்னிடம் இருக்கும் பதில் அந்தப் பின்பக்கம்தான். அதில் 46 வீடும் இருந்தது.

25 ஜூன்

அந்த நோட்டுகளை என்ன செய்தீர்கள் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். ஓய்வு பெற்ற அன்று முன்பக்கங்களை அடுத்த தலைமையாசிரியையிடம் கொடுத்தேன். பின்பக்கங்களைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். எல்லாம் அடுத்தவர் வீட்டுச் சங்கதி, என்னை நம்பிச் சொன்னது. செய்தது சரியா என்று இப்போதும் சில ராத்திரி யோசிப்பதுண்டு.

16 ஜூலை

நேற்றைய செய்தி உங்களுக்குத் தெரிந்திருக்கும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் கிராமப்புற அரசு உதவி பெறும் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. காமராஜர் பிறந்தநாளில், திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் புனித அன்னாள் பள்ளியில் தொடங்கினார்கள். 3,995 பள்ளிகள், 2 லட்சத்து 23 ஆயிரம் பிள்ளைகள். 2022இல் அரசுப் பள்ளிகளில் ஆரம்பித்தபோது எங்கள் பிள்ளைகளுக்குக் கிடையாது என்றிருந்தது. ஒரே தெருவில் அண்ணன் அரசுப் பள்ளியில் சாப்பிடுவான், தம்பி எங்கள் பள்ளியில் பசியோடு இருப்பான். அந்தக் குறை நேற்றுத் தீர்ந்தது.

போய்ப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. எட்டு மணிக்கே போய்விட்டேன். உப்புமாவும் காய்கறிச் சாம்பாரும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று சாம்பாரைத் தனியாகக் குடித்துவிட்டு இன்னும் கேட்டது. சாப்பிடும் முன் இப்போதைய தலைமையாசிரியை பிள்ளைகளை ஒரு நிமிடம் கண்மூடி நிற்கச் சொன்னார். யாருக்கு நன்றி சொல்வது என்று சொல்லவில்லை. அவரவர் வீட்டு வழக்கப்படி உதடு அசைந்தது.

நான் படித்தபோது ‘கேர்’ நிறுவனம் அனுப்பிய மக்காச்சோள மாவில் மஞ்சள் உப்புமா போடுவார்கள். பால் பவுடர் கரைத்துத் தருவார்கள். மத்தியானச் சாப்பாடு காமராஜர் 1956இல் ஆரம்பித்தது, 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாகப் பெரிதாக்கினார். நான் ஆசிரியையாக வந்தபோது சோறும் சாம்பாரும் ஆகியிருந்தது. அப்புறம் முட்டை. இப்போது காலையும். ஒரே பள்ளி முற்றத்தில் இத்தனையும் பார்த்துவிட்டேன்.

17 ஜூலை

விட்டுப்போனது: நேற்று முன்தினம் வாசற்பலகையில் எழுதியிருந்த செய்தி, “இன்று முதல் எங்கள் வீட்டு அடுப்பு காலையில் மெதுவாக எரியலாம்.” யார் எழுதியது என்று கேட்டேன். நான்காம் வகுப்புப் பையன். அம்மா அனல்மின் நிலையக் கட்டட வேலைக்கு விடியற்காலை போகிறவள்.

2 ஆகஸ்ட்

தம்பி கவலையோடு கேட்டிருந்தார்: எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் இடம் போய்விடுமா? ஆகஸ்ட் 1ஆம் தேதி எண்ணிக்கையை வைத்துத்தான் பணியிட நிர்ணயம் நடக்கும். கல்வி உரிமைச் சட்ட அளவுப்படி தொடக்கப்பள்ளியில் 60 பிள்ளைகள்வரை இரண்டு ஆசிரியர். உங்கள் 38க்கு இப்போது பயமில்லை. எங்கள் பள்ளியில் நேற்று 31.

ஆனால் எண்ணிக்கை தானாக ஏறாது. ஏப்ரல், மே மாதம் வீடு வீடாக நடக்கவேண்டும். வேன் வராத தெருவிலிருந்து தொடங்குங்கள்.

அப்புறம் உங்கள் ஊர் சபைக் கமிட்டியில் பள்ளி இடத்தில் கல்யாண மண்டபம் கட்டலாம் என்ற பேச்சு வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் கை நடுங்கியது. மண்டபம் வருடத்தில் முப்பது நாள் நிறையும். பள்ளி இருநூறு நாள் நிறையும். இதைக் கமிட்டியில் எழுந்து சொல்லுங்கள். கூட யாரும் பேசாவிட்டாலும் சொல்லுங்கள்.

10 செப்டம்பர்

“நீங்கள் இதமாகப் பேசுகிறீர்கள், ஆனால் வேதத்தை மற்றப் பிள்ளைகள் மேல் திணித்ததில்லையா?” என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். கேட்கவேண்டிய கேள்வி. எனக்குக் கோபமில்லை.

திணித்திருக்கிறேன். திணிப்பு என்று தெரியாமல். 1994இல் ஆண்டுவிழாவுக்காக எல்லாப் பிள்ளைகளையும் ஒரு வேதபகுதியை மனப்பாடம் செய்ய வைத்தேன். அழகாகச் சொன்னார்கள், குருவானவர் பாராட்டினார். மறுநாள் பனையேறித் தகப்பன் ஒருவர் வந்தார். அவர் வீட்டில் சுடலைமாடனுக்குக் கொடை கொடுக்கிறவர்கள். “நல்ல வார்த்தைதான் டீச்சர், பிள்ளை வீட்லயும் சொன்னான், கேட்டேன். ஆனா எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?” என்றார். அவ்வளவுதான். பதநீர் ஒரு பட்டை கொண்டுவந்திருந்தார், அதையும் கொடுத்துவிட்டுப் போனார்.

அரசியலமைப்பின் 28(3) அதைத்தான் சொல்கிறது: அரசு உதவி பெறும் பள்ளியில் மதப் போதனையில் கலந்துகொள்ளும்படி யாரையும் அவர் சம்மதம் இல்லாமல் கட்டாயப்படுத்தக்கூடாது. சிறுபிள்ளை என்றால் பெற்றோர் சம்மதம். பயிற்சியில் நான் படித்திருக்கவேண்டும், ஒரு பனையேறி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அந்த வருடத்திலிருந்து சேர்க்கையின்போதே கேட்டு எழுதி வாங்கினோம். வேத வகுப்பு நேரத்தில் வேண்டாம் என்றவர்கள் தோட்ட வேலை, படம் வரைதல். சில வெள்ளிக்கிழமை சபைப் பிள்ளைகளும் தோட்டத்துக்கு ஓடிவிடுவார்கள். விட்டுவிடுவேன்.

அந்தத் தகப்பன் பெயரன் இப்போது எங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்பு.

19 டிசம்பர்

மூன்று மாதம் எழுதவில்லை. மூட்டுவலி. இன்றைக்கு எழுதாமல் இருக்க முடியாது.

போன வருடம் இதே நாட்கள். 2023 டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வெளியே வரும்போதே வானம் இறங்கிவிட்டது. மறுநாள் காலைக்குள் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ. என்று பிறகு சொன்னார்கள். எங்களுக்கு அளவெல்லாம் தெரியாது. ராத்திரி பதினொரு மணிக்குக் குளத்துக் கரை உடைந்த சத்தம்தான் தெரியும்.

பள்ளி மேட்டில் இருக்கிறது. பழைய மிஷன் ஆட்கள் எதைப் பார்த்து இடம் எடுத்தார்களோ, அன்றைக்கு ஊரே அங்கே வந்து ஏறியது. தலைமையாசிரியை வீடு பக்கம்தான், இடுப்பளவு தண்ணீரில் வந்து பூட்டைத் திறந்தார். சின்ன வயசு. கல்யாணமாகி ஆறு மாதம். கோயிலில் அசனத்துக்கு, சபை விருந்துக்கு, வைத்திருக்கும் பெரிய அண்டாக்களைச் சேகரகுருவே தூக்கிக்கொண்டு வந்தார். சத்துணவு அரிசி இரண்டு மூட்டை இருந்தது. சமையலம்மா யாரையும் கேட்கவில்லை, அடுப்பைப் பற்றவைத்துவிட்டார்.

கரண்ட் இல்லை, போன் இல்லை. யார் வந்திருக்கிறார்கள், யார் வரவில்லை என்று எப்படிப் பார்ப்பது? தலைமையாசிரியை வருகைப் பதிவேட்டை எடுத்து மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். பிள்ளைகள் “உள்ளேன் டீச்சர்” என்றார்கள், அந்த இருட்டில், நனைந்துபோய். பிள்ளை இருந்தால் வீடு இருக்கிறது என்று கணக்கு. எல்லாப் பிள்ளையும் இருந்தார்கள்.

அப்போதுதான் எனக்கு அடுப்பில் போட்ட பின்பக்கங்கள் ஞாபகம் வந்தன. பிள்ளை இல்லாத வீடுகள்? தனியாக இருக்கிறவர்கள்? எனக்கு நினைவிருந்தது நான்கு வருடத்துக்கு முந்தின ஊர். இதில் எத்தனை பேர் இருக்கிறார்கள், எத்தனை பேர் போய்விட்டார்கள்? நான் யோசித்துக்கொண்டு நிற்கும்போது ஐந்தாம் வகுப்புப் பையன் எழுந்து, “டீச்சர், மேலத்தெருக் கடைசி வீட்டு ஆச்சி வரல. அதுக்குக் காது கேக்காது, கூப்பிட்டாத் தெரியாது” என்றான். இன்னொருத்தி, “எங்க தெருவுல கால் ஒடிஞ்ச தாத்தா கட்டில்லயே இருக்காரு” என்றாள். இப்படி ஐந்து வீடு. பிள்ளைகள் சொல்லச் சொல்ல இளைஞர்கள் கயிறு கட்டிக்கொண்டு போனார்கள். காது கேட்காத ஆச்சியைத் தூக்கி வந்தபோது, இவ்வளவு பேர் இங்கே என்ன செய்கிறீர்கள் என்று எங்களைக் கேட்டாள். தண்ணீர் கட்டில் காலுக்கு மேலே வந்தது அவளுக்குத் தெரியவில்லை, தூங்கிவிட்டாள்.

ஐந்து பேரும் பிழைத்தார்கள். நான் விட்டுவந்த ஊர்ச் செய்தியை அந்தத் தலைமையாசிரியை ஒரு நாளும் நிறுத்தவில்லை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நோட்டு இல்லை. பிள்ளைகளே வைத்திருந்தார்கள்.

நான்கு நாள் ஊர் முழுதும் அந்த மூன்று அறையில் இருந்தது. சுடலைமாடன் கோயில் பூசாரியும் உபதேசியாரும் ஒரே பெஞ்சில் தூங்கினார்கள். கிறிஸ்துமஸ் ஏழாம் நாள் வந்தது. மரம் கிடையாது, கேரல் ரவுண்ட் கிடையாது. பள்ளிச் சுவரில் தண்ணீர் நின்ற கோட்டுக்கு மேலே பிள்ளைகள் சாக்பீஸால் ஒரு நட்சத்திரம் வரைந்தார்கள். அது இன்னும் இருக்கிறது. வெள்ளையடிக்க வந்த ஆள் அதைச் சுற்றிச் சுற்றி அடித்துவிட்டுப் போயிருக்கிறார்.

21 டிசம்பர்

‘ஊர் முழுதும்’ என்று எழுதிவிட்டேன், எல்லாரும் ஒன்றாக இருந்தோம் என்பது முழு உண்மையில்லை. அந்த நான்கு நாளில் இரண்டு குடும்பங்கள் யாரோடும் சேர்ந்து சாப்பிட மாட்டோம் என்று தனியாகச் சமைத்தார்கள். ஒரு வீடு சபை வீடு. அதையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நான் ஊரை அழகுபடுத்துகிறேன் என்றாகிவிடும். மூன்றாம் நாள் அவர்கள் பிள்ளைகள் மட்டும் எங்கள் பந்தியில் வந்து உட்கார்ந்தார்கள். பெற்றோர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கூப்பிடவில்லை.

28 டிசம்பர்

தம்பியிடமிருந்து நேற்று நீண்ட செய்தி வந்தது. பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டின் பழைய பக்கங்களைப் பார்த்திருக்கிறார். அவர் தாயார் பெயர் அதில் இருக்கிறது, அவர் தாயாரோடு ஒரே வருடம் சேர்ந்தவர்களில் பாதிப் பேர் சபையில் இல்லாத வீட்டுப் பெண்கள். அதில் ஒருவர் இன்றைக்கும் அவர் தாயாருக்கு மாதம் ஒருமுறை போன் பண்ணுகிறாராம். கமிட்டியில் மண்டபப் பேச்சை மார்ச் வரை தள்ளி வைத்திருக்கிறார்களாம். தள்ளி வைத்தது போதாது, ஆனால் அவர் எழுந்து பேசியிருக்கிறார், கூட இரண்டு பேர் பேசியிருக்கிறார்கள்.

“அடுத்து என்ன செய்யட்டும் அம்மா?” என்று கேட்டிருக்கிறார். அங்கன்வாடிக்குப் போங்கள். வருகிற ஜூனுக்குள் ஐந்து வயது முடிகிறவர்கள் எத்தனை பேர், எந்தத் தெரு என்று டீச்சரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தகப்பனைப் பார்ப்பதைவிட ஆச்சியைப் பாருங்கள், பிள்ளை எங்கே படிக்கும் என்று முடிவு செய்வது எங்கள் பக்கம் ஆச்சிதான். பள்ளியில் காலைச் சாப்பாடு உண்டு என்று சொல்லுங்கள். போகும்போது உங்கள் தாயாரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

எங்கள் அங்கன்வாடியில் ஆறு பேர் இருக்கிறார்கள். நான்கு வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன், மூன்று பேர் சேர்க்கிறோம் என்றார்கள், ஒருவர் யோசிக்கிறோம் என்றார். மீதி இரண்டு வீடு கீழத்தெருவில், மேடு ஏறவேண்டும். மூட்டுவலி குறைந்ததும் பொங்கல் கழிந்து போகிறேன்.